கருவுக்கும் மூலப்பத்திரம் வேண்டும்

நிலம் வாங்குகிறவன் மூலப்பத்திரம் கேட்கிறான், வில்லங்கம் பார்க்கிறான், நாலெல்லையையும் அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறான். ஐந்து சென்ட் மனைக்கு இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் நம் சம்சாரி, தன் பசுவின் கருப்பையில் ஒன்பது மாதம் குடியிருக்கப் போகும் கருவைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் சம்மதித்துவிடுகிறான். அவனை நாம் குறைகூற மாட்டோம். இவ்விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வி இன்னதென்று அவனுக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. அதைச் சொல்லும் கடமை பத்திரிகைகளுக்கும், கிராமந்தோறும் உழைக்கும் தொண்டர்களுக்கும் உண்டு என்பது நமது துணிபு.

மத்திய சர்க்கார் 2014-ஆம் வருஷம் டிசம்பரில் ஆரம்பித்த ராஷ்ட்ரீய கோகுல் இயக்கத்தின் கீழ், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய கருக்களைக் கறவைகளின் வயிற்றில் வைக்கும் வேலை தேசத்தின் பல பாகங்களிலும் நடந்து வருகிறது. உறுதிப்பட்ட ஒவ்வொரு சினைக்கும் 5000 ரூபாய் உதவித்தொகை என்று அவ்வியக்கத்தில் விதிக்கப்பட்டது. 2021-ஆம் வருஷம் அக்டோபரில் கூர்ஜரத்தில் பன்னி எருமை இனத்தின் முதல் சோதனைக்குழாய்க் கன்று பிறந்ததென்று சர்க்காரே சந்தோஷத்துடன் பிரசுரம் செய்தனர். இத்தகைய செய்திகள் வெளியாகும்போதெல்லாம் எத்தனை கருக்கள் உண்டாயின, எத்தனை கன்றுகள் பிறந்தன, எந்தப் பொலிகாளையின் விந்து உபயோகமாயிற்று என்ற விவரங்கள் வருகின்றன. கருமுட்டை எந்தப் பசுவினுடையது, அது எவ்விதம் எடுக்கப்பட்டது என்பது மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. கருவின் பலாபலன்களில் பெரும்பகுதியை நிர்ணயிப்பது அம்முட்டையே என்பதை ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாயிற்று.

விஷயத்தை முதலிலிருந்து சொல்வோம். பசுவின் சினைப்பையில் நீர்க்கொப்புளம் போன்ற நுண்பைகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு முட்டை. இயற்கையில் ஒரு சினைப்பருவத்தில் ஒரு நுண்பை மட்டுமே பெருத்து முதிர்ந்து வெடிக்கிறது. மற்றவை வாடி அழிகின்றன. வாடிப்போகும் அம்முட்டைகளை முன்னதாகவே உறிஞ்சி எடுத்து, ஏறக்குறைய ஒரு நாள் ஊட்டநீரில் வைத்து முதிரச் செய்து, விந்தணுவோடு சேர்த்து, ஏழு நாள் வரையில் உஷ்ணப்பெட்டியில் வளர்த்து, பக்குவமான கருவை வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பதே இந்த முறை. எடுத்த முட்டைகள் யாவும் கருவாவதில்லை. பசுவினத்தில் 100 முட்டைகளை முதிரவைத்தால் 30 முதல் 40 வரையில் ஏழாம் நாள் கருவாகத் தேறினால் அது நல்ல பலன் என்று கொள்ளப்படுகிறது. எருமையில் இதற்கும் குறைவு. தேறியவற்றுள்ளும் சினையாகத் தங்குபவை பெரும்பாலும் பாதிக்கும் குறைவே.

ஏனையவை ஏன் தேறவில்லை? இங்கேதான் முட்டையின் மகிமை விளங்குகிறது. விந்தணு கொண்டுவருவது பரம்பரைக் குணங்களில் பாதியை. முட்டையோ தன் பாதியையும் கொடுத்து, அதற்கு மேல் கட்டுச்சோற்று மூட்டையையும் கொடுக்கிறது. கருவுக்குத் தன் காலில் நிற்கும் சக்தி முதல் நாளிலேயே வருவதில்லை. பசுவின் கரு 8 முதல் 16 அணுக்களாகப் பிரியும் வரையில், தாய் முட்டையில் சேமித்து வைத்த புரதங்களையும் கட்டளைகளையும் கொண்டே காலம் தள்ளுகிறது. அதன் பிறகே கருவின் சொந்தப் பரம்பரை அணுக்கள் முழு அளவில் வேலை தொடங்குகின்றன. மூட்டையில் சோறு குறைந்தால் பிரயாணி பாதி வழியில் விழுகிறான். ஆய்வுக்கூடத்துக் கருக்களில் பல இந்தக் கட்டத்திலேயே நின்றுபோவதன் ரகசியம் இதுவே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் நடந்து 2002-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. ரிஸோஸ், லோனர்கன் முதலியோர், பசுவின் உடலிலேயே முதிர்ந்த முட்டைகளையும் ஆய்வுக்கூடத்தில் முதிர்ந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். கருவைப் பாத்திரத்தில் வளர்ப்பதையும் உயிருள்ள உடலில் வளர்ப்பதையும் ஒப்பிட்டார்கள். எத்தனை கரு தேறும் என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் முட்டையின் சொந்தத் தகுதி. தேறிய கரு உறைகுளிரைத் தாங்குமளவு உறுதியுள்ளதா என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் அது வளர்ந்த சூழ்நிலை என்று கண்டார்கள். ஆகவே ஆய்வுக்கூடத்தார் எவ்வளவு உயர்ந்த ஊட்டநீரை உபயோகித்தாலும், தகுதியற்ற முட்டையைத் தகுதியுள்ளதாக்க முடியாது. முட்டையைத் தேர்ந்தெடுப்பது முதற்காரியம், வளர்ப்பது இரண்டாங்காரியம்.

முட்டை வரும் வழிகள் இரண்டு. ஒன்று, கசாப்புக் கூடத்தில் அறுக்கப்பட்ட பிராணியின் சினைப்பையிலிருந்து எடுப்பது. மற்றொன்று, உயிருள்ள பசுவிலிருந்து ஒலியலைக் கருவியால் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது. இரண்டாவது முறையை ஹாலந்தின் யுட்ரெக்ட் நகரத்தார் 1988-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னுள்ள சரித்திரமும் கவனிக்கத்தக்கது. நுண்பையிலிருந்து வெளியே எடுத்த முயல் முட்டை தானாகவே முதிரத் தொடங்குகிறதென்று பின்கஸ் என்பவர் 1935-இலேயே கண்டார். 1959-இல் சாங் என்பவர், உடலுக்கு வெளியே கருத்தரித்த முயல் முட்டையிலிருந்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றார். உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் கன்று 1981-ஆம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு உபயோகித்த முட்டை பசுவின் உடலுக்குள்ளேயே முதிர்ந்தது.

நமது தேசமும் பின்தங்கிவிடவில்லை. கர்னாலிலுள்ள தேசீயப் பால்பண்ணை ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் 1990-ஆம் வருஷம் பிறந்த ‘பிரதம்’ என்னும் கன்றே உலகத்தின் முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்று. அதற்குரிய முட்டை கசாப்புக் கூடத்துச் சினைப்பையிலிருந்து வந்தது. அதே ஸ்தாபனத்தார் 2009-இல் ‘கரிமா’ என்னும் எருமைக் கன்றைப் பிரதி எடுக்கும் முறையில் பிறப்பித்தபோதும் கசாப்புக் கூடத்து முட்டையே உதவியது. ஆனால் 2023-ஆம் வருஷம் மார்ச்சு 16-ஆம் தேதி ‘கங்கா’ என்ற கீர் இனக் கன்று பிரதி முறையில் பிறந்தபோது, உயிருள்ள சாஹிவால் பசுக்களிலிருந்து ஊசிமூலம் எடுத்த முட்டைகள் உபயோகமாயின. எருமைக்கு ஒரு வழி, பசுவுக்கு வேறு வழி. பசுவதைத் தடைச் சட்டங்கள் பெரும்பாலான ராஜ்யங்களில் அமலில் இருக்கும் தேசத்தில் இது இயல்பே.

கசாப்புக் கூடத்து முட்டையை நாம் இழிவாகப் பேச விரும்பவில்லை. அது மலிவு, ஏராளமாகக் கிடைக்கும், வீணாய்ப் போகவிருந்த பொருள். கை பழகும் மாணவருக்கும், ஊட்டநீரைச் சோதிக்கும் விஞ்ஞானிக்கும் அதைப்போல் உதவுவது வேறில்லை. பிரதி எடுக்கும் முறையில் முட்டையின் உட்கருவை நீக்கிவிடுவதால், அங்கே அதன் வமிசம் அவ்வளவு பெரிய கேள்வியாவதில்லை. ஆனால் இனவிருத்திக்கென்று கரு உண்டாக்கும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. அறுபட்ட பிராணியின் வயது தெரியாது, அது கறந்த பால் தெரியாது, நோய் தெரியாது, அதன் தாய் எது என்பதும் தெரியாது. சினைப்பை ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர எத்தனை மணி நேரமாயிற்று, வழியில் எவ்வளவு உஷ்ணம் என்பதும் முட்டையைப் பாதிக்கும்.

சட்டத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துப் பிராணிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எருமையும் அதில் அடங்கும். பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக அவ்வாறு ஆகிவிட்டது என்றோ அத்தாட்சி பெற்ற பிராணியையே அறுக்கலாம் என்பது அதன் சாரம். இனவிருத்திக்கு உதவாதென்று சட்டப்படி அத்தாட்சி கொடுத்த பிராணியின் முட்டையிலிருந்து இனத்தை விருத்தி செய்யப் புகுவது எவ்வளவு விபரீதமான தர்க்கம்! வயதேறிய பசுவில் நுண்பைகளும் குறையும்; முட்டையின் தகுதியும் குறையும் என்று விஞ்ஞானமும் சட்டத்தோடு சேர்ந்து சாட்சி சொல்கிறது.

அப்படியானால் உயிருள்ள பசுவிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. முட்டை எடுத்த வழி ஒன்று. எடுக்கப்பட்ட பசுவின் நிலைமை வேறொன்று. பருவமடையாத கன்றிலிருந்தும் முட்டை எடுக்கலாம்; ஆனால் அதிலிருந்து தேறும் கருக்கள் வளர்ந்த பசுவினதைவிடக் குறைவு. சிறிய நுண்பையிலுள்ள முட்டையைவிடப் பெரிய நுண்பையிலுள்ளது தகுதி மிகுந்தது. கனடாவில் கியூபெக் ஆராய்ச்சியாளர், பசுவுக்கு நுண்பைகளை வளர்க்கும் சுரப்புநீரை ஊசிமூலம் கொடுத்து, பின் இரண்டு நாளளவு நிறுத்திவைத்து எடுத்தால் முட்டையின் தகுதி மிகவும் உயர்கிறதென்று காட்டினார்கள். கன்று ஈன்ற முதல் வாரங்களில் தின்பதைவிட அதிகமாகக் கறக்கும் பசு, தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. அக்கொழுப்பமிலங்கள் நுண்பையின் நீரிலும் ஏறி முட்டையைக் கெடுக்கின்றன என்று பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தார் கண்டார்கள். தீவனம் குறைந்த தொழுவத்தில் நல்ல முட்டை எப்படி விளையும்?

நம் பக்கத்துக்கு மிக முக்கியமானது வெயில். அமெரிக்காவின் லூசியானாவில் நடந்து 1998-இல் வெளியான ஆராய்ச்சியில், கோடையில் ஹோல்ஸ்டீன் பசுக்களின் முட்டைகள் தகுதி இழந்தன. திமிலுள்ள பிராமன் இனத்தின் முட்டைகள் அவ்வாறு இழக்கவில்லை. அந்தப் பிராமன் இனம் நம் தேசத்து மாடுகளிலிருந்து அங்கே உண்டாக்கப்பட்டது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இஸ்ரேலில் நடந்த ஆராய்ச்சி வேறொன்றையும் அறிவித்தது. வெயில் தணிந்தவுடனே முட்டை தேறிவிடுவதில்லை. இரண்டு மூன்று சினைப்பருவச் சுற்றுகள், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம், சென்ற பிறகே பழைய நிலைக்கு வருகிறது. அக்கினி நட்சத்திரம் கழிந்துவிட்டதென்று ஆனியில் முட்டை எடுக்கப் புறப்படும் உத்தியோகஸ்தர், சித்திரை வெயிலின் பலனையே ஆனியிலும் எடுப்பார். தமிழ்நாட்டுக் கறவைகளில் மிகுதியானவை ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் கலப்பினம் ஆதலால் இது சிறிய விஷயமன்று.

பிரேசில் தேசத்தைப் பாருங்கள். அங்கே நெல்லூர் என்ற பெயரையே தாங்கி ‘நெலோர்’ என வழங்கும் மாடுகள் நமது ஓங்கோல் இனத்தின் வழிவந்தவை. நம் கீர் இனமும் அங்கே சென்று பெருகியது. உயிருள்ள பசுவிலிருந்து முட்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கரு உண்டாக்கும் தொழிலில் அத்தேசம் பல வருஷங்கள் உலகில் முதலிடம் வகித்தது. திமிலுள்ள மாட்டின் சினைப்பையில் ஒரே தடவையில் மிகுதியான முட்டைகள் கிடைக்கின்றன என்பது அவர்கள் வெற்றிக்கு முக்கிய காரணம். உலகமெங்கும் ஆய்வுக்கூடக் கருக்களின் எண்ணிக்கை, பசுவின் உடலிலிருந்து கழுவி எடுக்கும் கருக்களின் எண்ணிக்கையை 2016-இல் முதன்முறையாகத் தாண்டியதற்கு இந்த முறையே வழிகோலியது. நம் வீட்டுச் செல்வத்தின் மதிப்பை அயலார் நமக்குக் கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றனர். காங்கேயமும் உம்பளச்சேரியும் புலிக்குளமும் பர்கூரும் அதே திமிலினத்தைச் சேர்ந்தவையே அல்லவா?

எருமையின் கதை வேறு. பசுவின் சினைப்பையில் லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இருப்புண்டு என்றால், எருமையில் 10,000 முதல் 20,000 வரையிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முட்டையும் அருமை. 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கில் தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். எருமைகள் சுமார் 5 லட்சமே. எருமை குறைந்துவரும் நாட்டில் மிஞ்சியிருக்கும் நல்ல எருமைகளை அடையாளங்கண்டு, அறுப்புக்குப் போகுமுன் அவற்றின் முட்டையைக் காப்பாற்றுவது அவசரமான காரியம்.

இவற்றையெல்லாம் சங்கரன்கோவில் வாசகருக்கு ஏன் சொல்கிறோம்? 2019-ஆம் வருஷம் நவம்பர் முதல் தென்காசி ஜில்லாவைச் சேர்ந்துவிட்ட இத்தாலுகாவின் கரிசல் காடுகள் வானம் பார்த்தவை. மழை பொய்த்தால் குடும்பத்தைத் தாங்குவது தொழுவத்திலுள்ள ஒன்றிரண்டு கறவைகளே. பெரும்பண்ணைக்காரனுக்கு 100 கருவில் 60 தோற்றால் அது சராசரிக் கணக்கு. ஒரே பசு வைத்திருக்கிற சம்சாரிக்குச் சராசரி என்பதில்லை. தங்கினால் தங்கியது, தவறினால் தவறியது. தவறிய ஒவ்வொரு தடவையும் ஈற்று தள்ளிப்போகிறது, பால் தள்ளிப்போகிறது, தீவனச் செலவு மட்டும் நாள்தோறும் நிற்காமல் நடக்கிறது. சினை தங்கினால்தான் உதவித்தொகை. தங்காத மாதங்களின் நஷ்டம் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறுவதில்லை. தகுதி குறைந்த முட்டையின் விலையைக் கடைசியில் கொடுப்பவன் அவனே.

“ஏழைத் தேசத்தில் இத்தனை நிபந்தனைகள் போட்டால் வேலை எப்படி நடக்கும்? முதலில் எண்ணிக்கை பெருகட்டும், தரத்தைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்வாருண்டு. இந்த வாதம் நமக்கு உடன்பாடன்று. முட்டையின் தரம் குறைந்தால் எண்ணிக்கையே பெருகாது என்பதைத்தான் டப்ளின் ஆராய்ச்சி காட்டிற்று. மேலும், செலவில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்துக்கும் ஊட்டநீருக்கும் சம்பளத்துக்கும் போகிறது. நல்ல முட்டைக்கும் அதே செலவு, கெட்ட முட்டைக்கும் அதே செலவு. நல்ல விதையைத் தேடி நாலு ஊர் நடப்பவன் ஊதாரியல்லன்.

ஆகவே சர்க்காரும் கால்நடை இலாகாவும் செய்யவேண்டுவன என்று நாம் வற்புறுத்துபவை இவை. முதலாவது, கரு மாற்றும் ஒவ்வொரு சம்சாரிக்கும் தமிழில் அச்சிட்ட ஓர் அத்தாட்சி கொடுக்க வேண்டும்: முட்டை கொடுத்த பசுவின் இனம், வயது, அதன் காதுவில்லை எண், பால் அளவு, முட்டை எடுத்த வழி, எடுத்த தேதி, கரு புதியதா உறைந்ததா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, உண்டாக்கிய கருக்களின் எண்ணிக்கையை மட்டும் பிரசுரிப்பதை விட்டு, மாற்றிய 100 கருக்களுக்கு எத்தனை சினை, எத்தனை உயிர்க்கன்று என்பதை முட்டையின் மூலவாரியாகப் பிரித்து வருஷந்தோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, முட்டை எடுக்கும் காலத்தை இந்நாட்டு வெயிலுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். நான்காவது, பால் மிகுந்த நாலைந்து பசுக்களிடமிருந்தே ஓயாமல் முட்டை எடுத்து இனத்தின் விரிவைக் குறுக்கிவிடாதபடி எல்லை வகுக்க வேண்டும். அப்பசுக்களை எத்தனை நாளுக்கொரு முறை ஊசிக்கு உட்படுத்தலாம் என்பதற்கும் விதி வேண்டும். வாயில்லாப் பிராணி வழக்காட வராது. அதற்காக விதியே வக்கீல்.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. ஆட்டிறைச்சிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் அறுபடும் பெட்டை ஆடுகளின் சினைப்பைகள் குப்பையில் விழுகின்றன. மாணவர் கை பழகுவதற்கு அவற்றைவிட வேறென்ன வேண்டும்? வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் இம்முறையைப் பக்குவப்படுத்தினால் இக்கரிசல் பூமியின் கன்னி ஆட்டுக்கும் நாளை அது உதவும். பழகுவதற்குக் கசாப்புக் கூடம், பெருக்குவதற்குத் தேர்ந்த தாய் என்ற வரம்பை வைத்துக்கொண்டால் இரண்டு வழியும் தத்தம் இடத்தில் பயன்படும்.

இவ்வூரில் கோயில்கொண்ட கோமதியம்மையை ஆவுடையாள் என்றே நம் முன்னோர் அழைத்தார்கள். ஆடித்தபசுக்குக் கூடும் ஜனத்திரளில் பலர் மாடு வளர்ப்பவர்கள். “தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டாம்” என்ற பழமொழியைப் பேச்சில் வழங்கிவரும் மக்களுக்குக் கருமுட்டையின் நியாயம் விளங்காமற் போகாது. விளங்கிய பிறகு அவர்கள் வாய்மூடி இருக்கலாகாது. அடுத்த முறை கரு மாற்றும் முகாம் உங்கள் கிராமத்துக்கு வரும்போது, மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தக் கருவுக்குத் தாய் எது?” பதில் சொல்லக் கடமைப்பட்டவர் சொல்லட்டும். எழுத்தில் சொல்லும்படி செய்வது தொண்டர்களுடைய பொறுப்பு.